அரை மணிக்கு ஓர் உயிர்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஓர் அரை மணி நேரத்தைப் பற்றியது. எந்தத் தொழிலாளியிடமும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்றது அந்தப் பிரிவு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூரில் கேன்டீன் மணி அடித்தது அதை வைத்துத்தான். இதே ஊரில் இன்னோர் அரை மணி நேரமும் புழக்கத்தில் இருக்கிறது. அதை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை. கேண்டி கிரஷ் சாகாவில் ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். அது திரும்பி ஊற அரை மணி ஆகும். மொத்தம் ஐந்து உயிர். ஐந்தும் போய்விட்டால் காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், காசு கொடுத்து வாங்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. ஏ ஷிஃப்டுக்குப் போகும் பெண் ஒருத்தி கம்பெனி பஸ்ஸிலேயே ஐந்து உயிரையும் விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு செல்போனை லாக்கரில் பூட்டிவிட்டு லைனுக்குப் போகிறாள். பல ஆலைகளில் செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. எட்டு மணி நேரத்தில் பதினாறு உயிர் ஊற வேண்டும். ஆனால் பாத்திரம் பிடிப்பது ஐந்துதான். எட்டரை மணிக்கே நிரம்பிவிடும், மிச்சம் பதினொன்று வழிந்து வீணாகும். இரண்டு மணிக்கு வெளியே வந்து செல்போனை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது, உயிர் நிரம்பிவிட்டது, ஆட வா என்ற அறிவிப்பு.

கேஷுவல் கேம் என்ற வகையின் வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். முதலில் கணினி, பிறகு இணையம், பிறகு ஃபேஸ்புக், பிறகு தொடுதிரை என்று படிப்படியாக ஏறுவார்கள். ஓசூர் - கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு அது வேறாகத் தெரிகிறது. வேலை மனிதரின் நாளைத் துண்டு போடுகிறது. அந்தத் துண்டுகளின் அளவை எடுத்து, அதற்குத் தோதாகத் தன்னை வெட்டித் தைத்துக்கொண்டே வந்த வகை இது. ஒவ்வொரு தலைமுறையிலும் துணி சிறிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

முதலில் அந்தச் சொல். ஓசூரில் ‘கேஷுவல்’ என்றால் யாருக்கும் விளையாட்டு நினைவுக்கு வராது. “அவன் அந்தக் கம்பெனியில் கேஷுவல்” என்றால் இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை என்று பொருள். “இன்னைக்கு சி.எல்.” என்றால் கேஷுவல் லீவ். பெர்மனென்ட், கான்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கேஷுவல் என்று தொழிலாளர்களை அடுக்கும் ஏணியில் கடைசிப் படி அது. பெயரில்தான் தற்காலிகம், வருடக்கணக்கில் கேஷுவலாகவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. விளையாட்டுத் துறையில் இந்தச் சொல் 2000ஐ ஒட்டிப் பரவியது. ‘தீவிர’ ஆட்டக்காரர்களுக்கு எதிர்ப்பதமாக, போகிற போக்கில் ஆடுகிறவர்களைக் குறிக்க வைத்த பெயர். டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் யூல் ‘எ கேஷுவல் ரெவல்யூஷன்’ என்ற நூலில் இந்தப் பெயரைச் சோதித்துப் பார்த்தார். போகிற போக்கில் ஆடுவதாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையில் மணிக்கணக்கில் ஆடினார்கள். கடினமான கட்டங்களை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். ‘கேஷுவல்’ என்ற தன்மை ஆளிடம் இல்லை, ஆட்டத்தின் அமைப்பில் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். சட்டென்று கற்றுக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் பாதியில் விடலாம், தோற்றால் பெரிய தண்டனை இல்லை, சின்ன வெற்றிக்கும் திரை மினுங்கிச் சத்தம் போட்டுக் கொண்டாடும். ஆலையிலும் அப்படித்தானே? ‘கேஷுவல்’ என்பது ஆளின் குணம் அல்ல, அவரை வேலைக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டின் குணம்.

சட்டென்று கற்றுக்கொள்ளும் ஆட்டங்கள் நமக்குப் புதிதல்ல என்று சொல்லத் தோன்றும். மூன்று புலி, பதினைந்து ஆடு. தரையில் கரிக்கட்டியால் கோடு இழுத்தால் போதும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று மொழியிலும் பெயர் உண்டு. தாயமும் பல்லாங்குழியும் அப்படித்தான், ஐந்து நிமிடத்தில் சிறுபிள்ளைக்கும் பிடிபடும். ஆனாலும் இவற்றை கேஷுவல் கேமின் பாட்டன் பாட்டி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தாயக்கட்டையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் எதிரே இருப்பவர் கோபித்துக்கொள்வார். அந்த ஆட்டங்களுக்குப் பொழுது முழுசாக வேண்டும், கூடவே ஆள் வேண்டும். கணினி முதலில் செய்த காரியம் அந்த எதிராளியை எடுத்துவிட்டதுதான். கோபித்துக்கொள்ள யாரும் இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றாயிற்று.

1990களில் நம் சிற்றூர்களுக்கு வந்த டிவி கேம் இதில் சேராது. அது ஜப்பானிய ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி. கேசட்டைச் சொருகி, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து மாரியோவும் கான்ட்ராவும் ஆடினோம். அங்கே கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நாமும்தான். இந்த வகையின் கதை கடையில் தொடங்கவில்லை. வேலைக்கான மேசையில் தொடங்கியது.

டெட்ரிஸை எழுதிய அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். 1984இல் வேலையிடக் கணினியில்தான் அதைச் செய்தார். விண்டோஸில் வந்த சாலிட்டேரை எழுதியவர் வெஸ் செரி. 1988இல் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். நம் ஊர்க் கணக்கில் ட்ரெய்னி. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் சாலிட்டேர் உலகம் முழுக்கப் போயிற்று. அவருக்கு ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை. சீட்டுப் படங்களை வரைந்தவர், ஆப்பிள் மேக்கின்டாஷுக்குக் குறியீடுகள் வரைந்து பெயர் பெற்ற சூசன் கேர். இந்த ஆட்டத்துக்கு அலுவலகத்தில் ஒரு வேலை இருந்தது. மவுஸ் என்பது அன்று புதுப் பொருள். ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடுவது எப்படி என்று சீட்டை நகர்த்தியே மக்கள் பழகினார்கள். செரி முதலில் எழுதியதில் ஒரு பித்தான் இருந்தது: மேலாளர் பக்கத்தில் வந்தால் அதை அழுத்தலாம், திரையில் கணக்கு அட்டவணை மாதிரி ஒன்று தோன்றும். வெளியீட்டுக்கு முன் நிறுவனம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. ஆட்டத்தை விட்டுவைத்துவிட்டு ஒளியும் வசதியை மட்டும் எடுத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கும். 2006இல் நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், நகராட்சி ஊழியர் ஒருவரின் திரையில் சாலிட்டேரைப் பார்த்து அவரை வேலையை விட்டே நீக்கினார். அந்தப் பித்தான் இருந்திருந்தால் அந்த வேலை தப்பியிருக்கலாம்.

நம் ஊர் ஆலைகளில் கணினி முதலில் நுழைந்தது டைம் ஆபீஸிலும் ஸ்டோரிலும்தான். வருகைப் பதிவைப் பார்க்கும் அறைக்கு டைம் ஆபீஸ் என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாக வைத்திருக்கிறார். ஓசூருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு அதோடு முடிவதில்லை. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகார ஆலையை இங்கேதான் அமைத்தது. ராகி விதைக்கும் நிலத்தில் மழையையும் வெயிலையும் பார்த்து நாளைக் கணித்த குடும்பங்களின் பிள்ளைகள் நொடிமுள்ளைப் பொருத்தும் வேலைக்குப் போனார்கள். அந்தக் கடிகாரம் காட்டிய நேரத்தில் வேலைக்குப் போக எஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் விளையாட்டுகள் பிறகு வந்தன.

சாலிட்டேர் மேசை உள்ளவர்களுக்கானது. மேசை இல்லாதவர்களுக்கு முதலில் கிடைத்தது பாம்பு. 1997 இறுதியில் வந்த நோக்கியா 6110 செல்போனுக்காக டனெலி அர்மான்டோ என்ற பொறியாளர் ஸ்நேக்கை எழுதினார். நீளும் கோடு தன்னையே முட்டிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும் என்ற யோசனை 1976ஆம் ஆண்டு பிளாக்கேட் என்ற காசு போட்டு ஆடும் பெட்டியிலேயே இருந்தது. அர்மான்டோ அதைச் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தார். 2003இல் வந்த நோக்கியா 1100, தூசு படியாத விசைப்பலகையும் டார்ச் விளக்கும் பாம்பு ஆட்டமுமாக உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. இந்தியாவில் அந்த டார்ச்சும் பாம்பும் தெரியாத வீடு குறைவு. பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், ரேஷன் கடை வரிசை, மின்வெட்டு இரவு எல்லாம் முதன்முறையாக ஆட்டத்துக்குத் தோதான துண்டுகளாயின. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே செல்போன்களின் பாகங்களைப் பொருத்தினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. தமிழ்நாட்டில் செல்போனைச் செய்யும் கையும் அதில் ஆடும் கையும் ஒன்றாக இருப்பது அங்கே தொடங்கியது. இன்று அது தேன்கனிக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஐபோனின் வெளிக்கூட்டைச் செய்கிறது; வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

பெண்கள் என்றதும் கதையின் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம். வீடியோ கேம் பையன்களுக்கானது என்ற எண்ணத்தை உடைக்க 1980இலேயே பேக்-மேன் முயன்றது. பெண்களும் கடைக்கு வர வேண்டும் என்று நினைத்தே தின்பதை மையமாக வைத்ததாக அதை உருவாக்கிய டோரு இவாடானி சொல்லியிருக்கிறார். ஆனால் பெண்களைக் காசு கொடுக்கும் ஆட்டக்காரர்களாகத் தொழில்துறை கண்டுகொண்டது பெஜ்வெல்ட் வந்த பிறகுதான். 2000இல் மூன்று பேர் தொடங்கிய பாப்கேப் நிறுவனம் அதை வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து மணிகளை இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை மறையும். ரஷ்யாவில் 1994இல் வந்த ஷாரிகி என்ற ஆட்டத்தில் இதன் வேர் இருக்கிறது. இணையத்தில் சும்மா ஆடலாம். பிடித்திருந்தால் ஏறக்குறைய 20 டாலர் கொடுத்து முழு ஆட்டத்தை இறக்கிக்கொள்ளலாம். வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்கும்போதும், குழந்தை தூங்கும்போதும் ஆடினார்கள். வீட்டு வேலையும் நாளைத் துண்டு போடும் வேலைதான். அதற்கு டைம் ஆபீஸ் இல்லை, அவ்வளவே.

2004இல் வந்த டைனர் டேஷ் இன்னும் விசித்திரம். பங்குச் சந்தை அலுவலகத்தில் வேலை பார்த்துச் சலித்துப்போன ஃபுளோ என்ற பெண் அதை உதறிவிட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ஆட்டம் என்னவென்றால் ஆட்களை உட்கார வைப்பது, ஆர்டர் எடுப்பது, பரிமாறுவது, எச்சில் தட்டை எடுப்பது. வாடிக்கையாளரின் பொறுமை இதயங்களாகக் குறைந்துகொண்டே வரும். வேலையிலிருந்து தப்பி ஓடியவளின் கதை, ஆடுகிறவருக்கு முழு நேர வேலை. லைனில் நிற்பவர் யாராவது அதைப் பார்த்தால் ‘டேக்ட் டைம்’ என்பார், ஒரு பொருளை முடிக்க ஆலை அனுமதிக்கும் நொடிகள். இன்று செல்போனில் உலவும் ஹோட்டல், சமையல், அழகு நிலைய ஆட்டங்கள் எல்லாம் அவளுடைய வாரிசுகள்.

2009 ஜூனில் சிங்கா நிறுவனம் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில்லைத் தொடங்கியது. அதுவரை ஆட்டம் நமக்காகக் காத்திருந்தது. நாம் ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் வழக்கத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பியது ஃபார்ம்வில். ஸ்ட்ராபெரி விதைத்தால் நான்கு மணி நேரத்தில் விளையும். பூசணிக்கு எட்டு மணி நேரம், ஒரு ஷிஃப்ட். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிப்போகும். பொறுமை இல்லாதவர் காசு கொடுக்கலாம். அடுத்த ஆண்டே மாதம் 8 கோடிப் பேர் அதில் உழுதார்கள். அதே 2010இல் சிங்கா அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அலுவலகத்தைத் திறந்தது பெங்களூரில், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில்.

ஓசூர்க்காரர்களுக்கு இது சற்று உறுத்தலான வேடிக்கை. பயிருக்கு நாள் குறிக்கும் வித்தை இங்கே வேறு மாதிரி நடக்கிறது. பிப்ரவரி 14க்கு ரோஜா வெளிநாடு போக வேண்டும் என்றால் பாலிஹவுஸில் டிசம்பர் வாக்கிலேயே கவாத்து முடிந்திருக்க வேண்டும். பத்து நாள் குளிர் கூடினால் மொட்டு பிந்தும், விலை போய்விடும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிகூடத் தேறாது; ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். காசு கொடுத்து அந்த வாடலை நிறுத்த எந்தப் பித்தானும் கிடையாது. ஐந்தாவது சிப்காட்டுக்காக உத்தனப்பள்ளிப் பக்கம் நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் 2023இல் போராடியபோது, திரையில் பூசணி விளைந்த ஃபார்ம்வில் இல்லாமல் போய் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 2020 டிசம்பர் 31 அன்று அதை மூடிவிட்டார்கள். நிறுவனத்தின் நிலத்தில் எட்டுக் கோடிப் பேர் உழுதார்கள். பட்டா யார் பெயரிலும் இல்லை.

ஃபார்ம்வில்லின் காத்திருப்பையும் பெஜ்வெல்டின் மூன்று மணியையும் சேர்த்துக் குழைத்தால் வருவது கேண்டி கிரஷ். சுவீடனில் தொடங்கிய கிங் நிறுவனம் 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக்கிலும், நவம்பரில் செல்போனிலும் வெளியிட்டது. ஆட்டம் இலவசம். 2014இல் கிங் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியான கணக்கின்படி அதன் ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் காசு கொடுத்தார்கள். மிச்சம் 96 பேர் கூட்டத்தைச் சேர்த்தார்கள்; உயிர் கேட்டு நண்பர்களுக்கு ஃபேஸ்புக்கில் தூது அனுப்பியதே பெரிய விளம்பரமாயிற்று. ஒரு கட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம். டீ பிரேக்கில் இரண்டு கட்டம், பஸ்ஸில் ஐந்து கட்டம்.

இந்தியாவில் அந்த நான்கு பேரும் தேறுவது கடினம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் ஆட்டத்தை இறக்கிக்கொள்ள யாரும் தயங்கவில்லை. காசு கொடுக்கத்தான் தயங்கினார்கள். அதற்கும் நிறுவனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. காசு வேண்டாம், முப்பது நொடி விளம்பரம் பார், ஓர் உயிர் தருகிறேன். பிரான்சின் வூடு போன்ற நிறுவனங்கள் இதன் மேலேயே ஒரு புது உட்பிரிவைக் கட்டின. ஹைப்பர் கேஷுவல் என்று பெயர். பந்து தட்டுத் தட்டாக விழும் ஹீலிக்ஸ் ஜம்ப் 2018இல் வந்தது. கற்றுக்கொள்ள ஐந்து நொடி, தோற்க இருபது நொடி, உடனே விளம்பரம். ஆட்டத்துக்கு நடுவில் விளம்பரமா, விளம்பரத்துக்கு நடுவில் ஆட்டமா என்று சொல்ல முடியாத நிலை. அரை மணியில் தொடங்கிய துண்டு அரை நிமிடத்துக்கு வந்துவிட்டது.

இவற்றுக்கு மொழி வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூர் ஆலைகளுக்குத் தமிழக மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்திருக்கிறார்கள். ஒரே விடுதி அறையில் நான்கு தாய்மொழி இருக்கலாம். அப்படிப்பட்ட அறையில் லூடோவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தாயத்தோடு உறவுள்ள பச்சீசியை ஆங்கிலேயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுருக்கிச் செய்தது லூடோ. மும்பைப் பக்கம் விகாஷ் ஜெய்ஸ்வால் 2016இல் அதை லூடோ கிங் ஆக்கினார். 2020 ஊரடங்கில் அது நாடு முழுவதும் பரவியது. ஊரில் இருக்கும் தம்பியும் ஓசூரில் இருக்கும் அக்காவும் ஒரே பலகையில் காய் நகர்த்தினார்கள். கணினி விரட்டியடித்த எதிராளியைச் செல்போன் திரும்பக் கூட்டிவந்தது என்று இதைச் சொல்லலாம். இந்த வகையின் வரலாற்றில் நான் மனதாரப் பாராட்டுகிற இடம் இதுவே.

ஆனால் அந்த முப்பது நொடி விளம்பரத்தில் என்ன வந்தது? பெரும்பாலும் ரம்மி. இனிப்பை உடைத்துக்கொண்டிருப்பவரிடம் சீட்டைக் காட்டி, போனஸ் பணம் காத்திருக்கிறது என்றது. 2020 டிசம்பரிலிருந்து, இதில் பண இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கக்கூடியது என்று எச்சரிக்கை போட வேண்டுமென விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதித்தது. யாரும் காதில் வாங்க முடியாத வேகத்தில் அதை வாசித்து முடித்தார்கள். பண ஆட்டங்கள் கேஷுவல் கேமிடம் நிறையக் கடன் வாங்கியிருந்தன. வண்ணம், மினுங்கல், தினசரிப் பரிசு, தோற்றவுடன் மறுபடி ஆடு என்று துடிக்கும் பித்தான் எல்லாம் அங்கிருந்து போனவை. பெங்களூரில் சிங்காவிலிருந்து பிரிந்தவர்கள் 2013இல் தொடங்கிய மூன்ஃப்ராக், ‘தீன் பத்தி’ சீட்டாட்டத்தைப் பொய்க் காசில் ஆடவைத்தது. அதே ஊரில் 2018இல் தொடங்கிய எம்.பி.எல்., எளிய ஆட்டங்களிலும் நிஜக் காசைக் கட்டவைத்தது.

இந்த இடத்தில் எல்லை தலைகாட்டுகிறது. ஜுஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஒரே சாலை, ஒரே போக்குவரத்து நெரிசல். 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் இருப்பவருக்குச் செயலிகள் கதவடைத்தன, கர்நாடகத்தில் திறந்தே இருந்தன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்றது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 5 முதல், கர்நாடகம் தடை கொண்டுவந்தது. இப்போது அத்திப்பள்ளியில் மூடி ஜுஜுவாடியில் திறந்திருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.பி.எல். தன் சொந்த ஊரிலேயே பண ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றமும் தன் மாநிலத் தடையை நீக்கியது. ஒன்றேகால் வருடத்தில் இரண்டு பக்கமும் கதவு ஒருமுறை மூடித் திறந்தது. வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவருக்குச் சட்டப்படி காலையில் ஒரு நிலை, மாலையில் ஒரு நிலை. வேலை நேரத்திலும் எல்லை இதே வேலையைக் காட்டியது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு வழி திறந்தது. ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் அப்படியொரு திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது.

பண ஆட்டத்தைத் தமிழக அரசு விடவில்லை. நீதியரசர் கே. சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் சூதாட்டப் பட்டியலில் வைத்ததை மட்டும் நீக்கியது. அதன் பிறகு 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில் ஒன்றைப் படித்தபோது ஓசூர் நினைவுக்கு வந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்கு அனுமதி இல்லை. ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நோக்கம் சரியானதே, இரவின் தனிமையில்தான் பணத்தை அதிகம் தொலைக்கிறார்கள். ஆனால் இரவு என்றால் தூக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதிய விதி அது. இரவில் சி ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு அந்த ஐந்து மணி நேரம் லைனில் நிற்கும் நேரம். தூக்கம் வராமல் விடுதிக் கட்டிலில் அவர் புரண்டுகொண்டிருப்பது காலை பத்து மணிக்கு. அந்த நேரத்துக்கு விதி இருக்கவில்லை. ஷிஃப்ட் அட்டவணையை ஆட்டம் படித்திருந்தது, சட்டம் படிக்கவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இந்தச் சண்டையை மாநிலங்களின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. 22ஆம் தேதி ஒப்புதல் பெற்ற சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்றது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் ‘இணையச் சமூக விளையாட்டு’ என்ற ஒன்றையும் தனியாகப் பிரித்து ஊக்குவிப்பதாகச் சொன்னது. கேஷுவல் கேமுக்கு நம் நாட்டில் கிடைத்த முதல் சட்டப் பெயர் இதுதான். பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. ரம்மி விளம்பரம் போய்விட்டது என்பதற்காக முப்பது நொடி போய்விடவில்லை. காசைத் திருப்பித் தருவதாக ஆசை காட்டினால்தான் சட்டம் அதைப் பண ஆட்டம் என்கிறது. காசைக் கொடுத்துவிட்டு ஓர் உயிரை மட்டும் வாங்கினால், அது பொழுதுபோக்கு.

கிங் நிறுவனத்தை அமெரிக்காவின் ஆக்டிவிஷன் வாங்கியிருந்தது. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆக, மேலாளர் வந்தால் ஒளிந்துகொள்ளும் பித்தானை எடுக்கச் சொன்ன வீடும், அரை மணிக்கு ஓர் உயிர் தரும் வீடும் இன்று ஒன்றே. சாலிட்டேர் இப்போதும் விண்டோஸில் கிடைக்கிறது. டைம் ஆபீஸ் கணினியில் அதைத் திறந்தால், ஆட்டங்களுக்கு நடுவே விளம்பரம் ஓடுகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதச் சந்தா கட்டச் சொல்கிறது.